இறங்காத எண்

அந்த ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. கட்டியவர் எந்த யோசனையில் கட்டினாரோ, மூச்சு வாங்குகிறவர்களைப் பார்த்து ‘ஏறி வா’ என்று சொல்கிற கட்டடம் அது. லிஃப்ட் இருந்தது; இருந்தது என்பதோடு சரி. அதன் கதவில் ஒட்டிய ‘பழுது’ என்ற அட்டை பழசாகி ஓரம் சுருண்டுபோனதால், அதன் மேலேயே புதிதாக இன்னொரு ‘பழுது’ அட்டை ஒட்டியிருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வந்த எக்கோக்காரர் காலை எட்டரை மணிக்குத் தோளில் பையோடு அந்தப் படிகளில் ஏறினார். நாற்பத்தொன்பது வயது. இதயத்தைப் படம் பிடித்துக் காட்டும் எக்கோ மெஷினோடு இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர். பழைய ஆஸ்பத்திரியில் எல்லாரும் எக்கோக்காரர் என்றே கூப்பிட்டார்கள். இங்கேயும் முதல் நாளே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வரவேற்றது தலைமை நர்ஸ். குரலும் நடையும் ராணுவத்தைப் போல் இருந்ததால் அவருக்கு ‘மேஜர்’ என்று பெயர்.

“அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியை விட்டுட்டு ஏன் சார் இங்க வந்தீங்க?”

“அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலை.”

“இருபத்திரண்டு வருஷமா ஒத்துக்கிட்ட தண்ணியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாவியைக் கையில் கொடுத்தார் மேஜர்.

எக்கோ அறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வாசலில் கறுப்புத் திரை. மெஷினின் திரையில் படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக விளக்கை அணைத்தே வைத்திருப்பார்கள். வெளியே பட்டப்பகலில் டோக்கன் சண்டை நடந்துகொண்டிருக்கும். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்தால் இருட்டு. மெஷினின் சாம்பல் நிற வெளிச்சமும், அதன் விசிறி இரைகிற சத்தமும், ஜெல்லின் வழவழப்பான மருந்து வாடையும்தான். எக்கோக்காரருக்கு அந்த இருட்டு பழகிய போர்வை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டார்.

முதல் நோயாளி ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இரண்டு மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து, வந்த வேகத்தில் மேஜரிடம் டோக்கனுக்காகச் சண்டையும் போட்டு ஜெயித்தவர். சட்டையைக் கழற்றி இடது பக்கமாகச் சாய்ந்து படுத்தார். எக்கோக்காரர் கையில் பிடிக்கும் புரோபில் ஜெல்லைத் தடவி நெஞ்சில் வைத்தார். இதயம் திரையில் திறந்து மூடியது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கடைசியாக நுரையீரல் பிரஷர்.

அதை எக்கோவில் நேரடியாக அளக்க முடியாது. இதயத்தின் வலது பக்க வால்வில் ரத்தம் கொஞ்சம் பின்னால் கசியும். அந்தக் கசிவு எவ்வளவு வேகமாகப் பீறிடுகிறது என்று பிடித்தால், மெஷின் கணக்குப் போட்டு எண்ணைச் சொல்லும். முப்பதை ஒட்டி இருந்தால் கவலை இல்லை. ஐம்பதைத் தாண்டிவிட்டால் மாடிப்படி ஜென்மப் பகை.

புரோபைத் திருப்பினார். அப்போது அவர் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

பேய் பிசாசு என்றால் கை ஐஸ் மாதிரி இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இந்தக் கை சுட்டது. ஐந்து விரலும் தனித்தனியாகச் சுட்டன. பிடித்த கை இழுக்கவில்லை, முறுக்கவில்லை. குழந்தையின் எழுத்தைத் திருத்துகிற மாதிரி, அவர் கையை இரண்டு விரல் அகலம் நகர்த்தி, நேராக நிறுத்தியது.

திரையில் எண் வந்தது.

எழுபத்திரண்டு.

அதோடு ஒரு வாசனை. தண்ணீர் தெளித்த பருத்தித் துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி ஓடும்போது எழுகிற வாசனை.

எக்கோக்காரர் புரோபை எடுத்துவிட்டார். படுத்திருந்த பஸ் டிரைவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்: “பின்னாடி யாரு சார் அப்படி மூச்சு வாங்கறது? என்னை விட மோசமா இருக்காங்களே, அவங்களை முதல்ல பாருங்க.”

பின்னால் சுவர்தான் இருந்தது.

அவள் யார் என்று எக்கோக்காரருக்குத் தெரியும். பெயர், வயது, வால்வின் அளவு உட்படத் தெரியும்.

பழைய ஆஸ்பத்திரியில் ‘பெரிய டாக்டர்’ என்றால் இதய அறுவை சிகிச்சைக்காரர் ஒருவர்தான். கை ராசிக்காரர், கோபக்காரர். வால்வு மாற்றிய நூறு பேரை ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரவழைத்து, அவர்களுடைய நுரையீரல் பிரஷர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்தார். மாநாட்டில் படிக்க ஒரு கட்டுரை. பெரும்பாலானவர்களுக்கு இறங்கியிருந்தது. சிலருக்கு இறங்கவே இல்லை. வருஷக்கணக்கில் கெட்ட வால்வோடு காலம் தள்ளியவர்கள் அவர்கள். கதவைப் புதுசாக மாற்றியாயிற்று. ஆனால் கதவு அடைத்துக் கிடந்த காலத்தில் உள்ளே இருந்த குழாய்கள் தடித்து இறுகிப்போயிருந்தன. புதுக் கதவு அவற்றைத் தளர்த்திவிடாது.

“என்னய்யா, எழுபது எண்பதுன்னே எழுதித் தள்றே?” என்று ஒருநாள் பெரிய டாக்டர் எக்கோக்காரரின் தோளில் கை போட்டார். “கொஞ்சம் கோணத்தை மாத்திப் பாரு. எல்லாம் பாக்கறவன் கையில இருக்கு. கட்டுரைக் கடைசியில உனக்கு நன்றி சொல்லி உன் பேரையும் போடறேன்.”

பொய் எழுதச் சொல்லவில்லை, பாருங்கள். கோணத்தை மாற்றத்தான் சொன்னார். எதிரே வரும் வண்டியின் வேகம் அதற்கு நேராக நின்றால்தான் முழுசாகத் தெரியும். பக்கவாட்டில் நின்றால் குறைவாகத் தெரியும். ரத்தத்தின் வேகமும் அப்படித்தான். புரோபை இரண்டு விரல் அகலம் சாய்த்துப் பிடித்தால் போதும். எழுபத்திரண்டு முப்பத்திரண்டாகிவிடும். மெஷினே கணக்குப் போட்டு, மெஷினே அச்சடித்துக் கொடுத்துவிடும்.

அப்படிச் சாய்த்தது பதினோரு பேருக்கு. பத்து பேர் எங்கே எப்படி இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. விசாரிக்கத் துணிவு இல்லை. பதினோராவது ஆள்தான் அந்த இஸ்திரிக்காரப் பெண். முப்பத்தெட்டு வயது. அடுக்குமாடி வீடுகளில் துணி வாங்கி வந்து தேய்த்து, மூட்டை கட்டி, மாடி மாடியாக ஏறிக் கொடுப்பவள். நெஞ்சுக்குள் உலோக வால்வு. அமைதியான அறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி கேட்கும்.

ரிப்போர்ட் கொடுத்து இரண்டு மாதம் கழித்து, தாழ்வாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த எக்கோக்காரரை அவள் தேடி வந்தாள். ரிப்போர்ட்டைத் துணி மடிக்கிற மாதிரி நாலாக மடித்து வைத்திருந்தாள்.

“அண்ணே, இதுல எல்லாம் சரியாயிடுச்சுன்னு போட்டிருக்காம். வீட்டுல அவர் படிச்சுக் காட்டினாரு. ஆனா ஒரு மாடி ஏறினாலே நெஞ்சை அடைக்குது. பாதி படியில உட்கார்ந்துடறேன். அவரு, ‘ரிப்போர்ட்டே சரின்னு சொல்லுது, இன்னும் என்ன நடிப்பு’ன்னு திட்டறாரு. நிஜமாவே சரியாயிடுச்சாண்ணே?”

அங்கே இரண்டு டாக்டர்கள் நின்றிருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“சரியாயிடுச்சும்மா,” என்றார் எக்கோக்காரர். “மனசுல இருக்கற பயம்தான். நல்லா நடங்க, படி ஏறுங்க. பழகப் பழகச் சரியாயிடும்.”

அவள் சிரித்தாள். “அப்ப நான்தான் சோம்பேறியாயிட்டேன் போல,” என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டைத் திரும்பவும் நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாதம், ஒரு மூன்றாவது மாடிப் படியில், துணி மூட்டையின் மேல் தலை சாய்த்தபடி கிடந்தாளாம். களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று நினைத்து நாலு பேர் தாண்டிப் போயிருக்கிறார்கள். செய்தி ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கட்டுரை அச்சாகிவிட்டது. அதில் அவள் பிரஷர் இறங்கியவர்கள் பட்டியலில் இருந்தாள். இன்றைக்கும் இருக்கிறாள். கட்டுரையின் கடைசியில், சொன்ன சொல் தவறாமல், எக்கோக்காரரின் பெயரும் இருக்கிறது.

இதுதான் அந்த ஊர்த் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போன கதை.

முதல் நாள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் எழுபத்திரண்டு.

ஒவ்வொரு முறையும் கை வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த வாசனை. மத்தியானம் கை கழுவும்போது பார்த்தார். மணிக்கட்டின் உள்பக்கம், வெந்நீர் பட்டது போல் சிவந்திருந்தது.

மதிய ஷிப்டுக்கு இன்னொரு எக்கோக்காரி வருவாள். நாற்பது வயது, துடுக்கு வாய், வேலையில் கெட்டி. அவளிடம் மூன்று பேரைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்தாள். இருபத்தாறு, இருபத்தெட்டு, இருபத்துநாலு.

“இவங்களுக்கா சார் எழுபத்திரண்டு? இவர் நுரையீரலை வாடகைக்கு விடலாம், அவ்வளவு நல்லா இருக்கு,” என்றாள். “கண்ணாடி மாத்தணும் போல உங்களுக்கு.”

கண்ணாடி மாற்றினார். நாற்காலியை மாற்றினார். கட்டிலைத் திருப்பிப் போட்டு, முதுகு சுவரில் முட்டும்படி உட்கார்ந்தார். கை சுவருக்குள்ளிருந்து வந்தது போல் வந்தது.

நாலாவது நாள் ஒரு கல்லூரி மாணவி படுத்திருந்தாள். சாதாரணப் படபடப்பு; அம்மா வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார். அந்தப் பெண் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“சார், அந்த அக்கா ஏன் நின்னுக்கிட்டே இருக்காங்க? உட்காரச் சொல்லுங்களேன். பாவம், ரொம்ப முடியாம இருக்காங்க.”

எக்கோக்காரர் திரும்பவில்லை.

திரும்பினால் யாரும் இல்லாமல் இருக்கலாம். இருந்துவிட்டால்?

காதுக்கு மிக அருகில் மூச்சு கேட்டது. மூன்று மூச்சு, ஒரு நிறுத்தம். மூன்று மூச்சு, ஒரு நிறுத்தம். படியேறுகிறவர்களின் மூச்சு.

“சரியாயிடுச்சாண்ணே?”

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

அன்றைக்கே டாக்டரிடம் போய் ‘எனக்கு உடம்பு சரியில்லை, நான் எடுக்கிற எண்களை நம்பாதீர்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்பத்தொன்பது வயதில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்தில், எந்த வாயால் சொல்வது? மனைவி அப்போதுதான் சாமான்களைப் பிரித்து அடுக்கியிருந்தாள். அவர் வேறு வழி பார்த்தார். திரையில் வந்த எண்ணை விட்டுவிட்டு, நோயாளியின் முகம், கால் வீக்கம், நடை, இதய அறைகளின் அளவு இவற்றையெல்லாம் பார்த்து, அனுபவத்தால் ஒரு எண்ணை ஊகித்து எழுதத் தொடங்கினார். சந்தேகம் வந்தால் மதியத்துக்குத் தள்ளினார். இருபத்திரண்டு வருஷத்து அனுபவம் அல்லவா? அவர் ஊகித்ததும் மதிய ஷிப்டுக்காரி அளந்ததும் ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசப்படவில்லை.

இரண்டு வாரத்தில் பயம்கூடப் பழகிவிட்டது. சூட்டுக்குத் தோல் காய்த்துப்போகிற மாதிரி. கை வரும், வாசனை வரும், எழுபத்திரண்டு வரும். அவர் இருபத்தெட்டு என்று எழுதுவார். ‘இதுதானே உன்னால முடியும்’ என்று ஒருநாள் இருட்டைப் பார்த்து முணுமுணுத்தார்.

மூன்றாவது வாரம் ஒரு கணக்கு டீச்சர் வந்தார்.

நாற்பத்திரண்டு வயது இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்பு வேறு ஊரில் வால்வு மாற்றியிருந்தார்கள். கூடக் கணவர். நல்ல மனிதர்தான், ஆனால் கையில் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டே நிற்கிற ரகம்.

“ஆபரேஷன் அருமையா முடிஞ்சுது சார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவளுக்குத்தான் பயம் போகலை,” என்றார் கணவர்.

படியேறி வந்த களைப்பு அடங்க டீச்சருக்குப் பதினைந்து நிமிஷம் ஆனதை மேஜர் கவனித்திருந்தார். “முகம் நீலம் பாஞ்ச மாதிரி இருக்கு சார், பாத்துச் செய்ங்க,” என்று திரையை விலக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

வால்வு கச்சிதமாக வேலை செய்தது. புரோபை வலது பக்கத்துக்குத் திருப்பினார் எக்கோக்காரர்.

எழுபத்திரண்டு.

வழக்கமான எண். அவர் இப்போதெல்லாம் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இதயத்தின் வலது பக்கம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. முகம், நடை, மேஜர் சொன்ன நீலம் எல்லாமே ஏதோ சொல்லின. ஆனால் அவருக்கு வேறொன்று தோன்றியது. இவளும் வால்வு மாற்றியவள், இவளுக்கும் ஆறு மாதம். ‘அந்த இஸ்திரிக்காரி எண்ணோட நிறுத்தாம இன்னிக்குப் படத்தையே மாத்திக் காட்டறா. இவளை வெச்சு என்னை மிரட்டப் பாக்கறா.’ அப்படி நினைத்ததும் மனசுக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“மத்தியானம் வரை இருக்க முடியுமா? இன்னொருத்தர் ஒரு தடவை பாத்துடட்டும்,” என்று ஒப்புக்குக் கேட்டார்.

அப்போதுதான் நினைவு வந்தது, மதியக்காரி அன்றைக்கு விடுப்பு.

“நாளைக்கெல்லாம் வர முடியாது சார். அரை நாள் பெர்மிஷன்லதான் வந்திருக்கேன். ஏதாவது பிரச்சினையா?” என்றார் கணவர்.

“பிரச்சினை ஒண்ணும் இல்லை.”

எழுதினார். முப்பத்துநாலு.

டீச்சர் சேலையைச் சரி செய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தார். “நம்பர் எவ்வளவு சார்?”

“முப்பத்துநாலு. நல்லா இறங்கியிருக்கு.”

“ஒரு வகுப்புலேருந்து அடுத்த வகுப்புக்குப் போறதுக்குள்ள ரெண்டு இடத்துல நிக்கறேன் சார்.” டீச்சர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கணக்கு இடிக்குதே.”

“வாம்மா, சார்தான் சொல்லிட்டாரே,” என்று கணவர் திரையை விலக்கினார். வெளிச்சம் ஒரு கணம் உள்ளே பாய்ந்து மறைந்தது. டாக்டர் ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்த்தார். பழைய மாத்திரைகளையே தொடரச் சொல்லி, காலையில் நடைப்பயிற்சியும் செய்யச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த நோயாளி வந்து படுத்தபோது கை வழக்கம்போல் வந்து மணிக்கட்டைப் பிடித்தது. சுட்டது.

அப்போதுதான் எக்கோக்காரருக்கு உறைத்தது.

டீச்சருக்குப் பார்த்தபோது எதுவும் சுடவில்லை.

வாசனை இல்லை.

மூச்சுச் சத்தம் இல்லை.

அந்தக் கால் மணி நேரம், அறையில் அவரும் டீச்சரும் கணவரும் மட்டும்தான் இருந்தார்கள். அவர் கை தானாகவே, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், நேராகத்தான் இருந்தது.

இஸ்திரிக்காரப் பெண் அந்தக் கால் மணி நேரம் வரவே இல்லை.

புரோபைப் போட்டுவிட்டு ஓடினார். படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார். வாசலில் வண்டி நிறுத்துகிற இடம் காலியாக இருந்தது. திரும்ப மேலே வந்து ரிப்போர்ட்டில் இருந்த போன் நம்பரை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கணவர் எடுத்தார்.

“சார், உங்க மனைவியை நாளைக்கே திரும்பக் கூட்டிட்டு வாங்க. நான் அளந்தது தப்பா இருக்கலாம்.”

“தப்பா இருக்கலாமா, தப்பா?”

‘தப்புதான்’ என்று எக்கோக்காரர் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கணம்தான். “...இருக்கலாம்,” என்றார்.

“பரீட்சை நேரம் சார் அவளுக்கு. முடிஞ்சதும் கூட்டிட்டு வரேன். ரொம்ப நன்றி, யார் சார் இந்தக் காலத்துல போன் பண்ணி விசாரிக்கறாங்க?”

மறுநாளும் போன் செய்தார். அதற்கு மறுநாளும் செய்தார். “இன்னும் நாலு நாள்,” என்றார் கணவர். அடுத்த முறை எடுக்கவில்லை.

பதினோராம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். இரண்டு மாடி. நாலு பேர் தூக்கினார்கள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சரிந்துவிட்டாராம். மத்தியானம் மதியக்காரி படம் எடுத்தாள். எக்கோக்காரர் திரைக்கு வெளியே நின்றார். உள்ளே அவள் மேஜரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது கேட்டது.

“எழுபத்தாறு இருக்கு. இது இன்னிக்கு நேத்து ஏறினது இல்லக்கா. முன்னாடி எடுத்தது எவ்வளவு?”

மேஜர் காகிதத்தைப் புரட்டும் சத்தம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு டீச்சர் இறந்தார்.

கணவர் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாவியைச் சுழற்றவில்லை. எக்கோக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நான் எழுதின எண் பொய்,” என்றார். “திரையில எழுபத்திரண்டு வந்துது. நான் முப்பத்துநாலுன்னு எழுதினேன். தெரிஞ்சேதான் எழுதினேன்.”

கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

“உங்களை நீங்களே நொந்துக்காதீங்க சார். விடாம போன் பண்ணிக் கூப்பிட்டீங்க. நான்தான் கேக்கலை. நான்தான் ‘பயம், பயம்’னு சொல்லி...”

“இல்லை சார், நான் சொல்றதைக் கேளுங்க...”

“போதும் சார். உங்களை மாதிரி ஆள் கிடைக்கறதே அபூர்வம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் பழைய ஆஸ்பத்திரிக்கு, பெரிய டாக்டருக்கே போன் செய்தார். இஸ்திரிக்காரப் பெண்ணின் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். கட்டுரையைத் திருத்த வேண்டும், மற்றப் பத்து பேரையும் தேடிப் பிடிக்க வேண்டும் என்றார். பெரிய டாக்டர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் படத்தை எடுத்துவரச் சொல்லிப் பார்க்கவும் பார்த்தார்.

“முப்பத்திரண்டுதான்யா இருக்கு.”

“கோணம் சாய்ஞ்சிருக்கும், பாருங்க சார்.”

“சாய்ஞ்சிருந்தா அது உன் கை. என் கை இல்லையே?” என்று சொல்லி போனை வைத்தார்.

இங்கே இருந்த டாக்டரிடமும் சொன்னார். விசாரணை என்று ஒன்று நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசி, ‘மனநிலை சரியில்லாத நிலையில் ராஜினாமா’ என்று எழுதினார்கள். சுட்ட கையைப் பற்றி அவர் சொன்னதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. பத்து பேரைத் தானே தேடினார். மூன்று முகவரிகளில் ஆள் மாறியிருந்தார்கள். இரண்டு வீட்டில், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, மாலை போட்ட படத்தைக் காட்டினார்கள். ஆறாவது வீட்டு வாசல் வரை போனார், கதவைத் தட்டவில்லை.

அதன் பிறகு மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். தரைத்தளக் கடை. மனிதர்களின் நெஞ்சைத் தொட வேண்டாம். கை சுடவில்லை, வாசனை வரவில்லை. வேலை போனதிலிருந்து பேசாமலிருந்த மனைவி மெல்ல மெல்ல அவரிடம் பேச ஆரம்பித்தாள்.

ஐந்து மாதம் கழித்து, காலை பதினோரு மணிக்கு, மதியக்காரி போன் செய்தாள். அவள் இப்போது காலை ஷிப்டுக்கு மாறியிருந்தாள்.

“சார், வேலையா இருக்கீங்களா? ஒரே ஒரு சந்தேகம்.”

“சொல்லும்மா.”

“ஒரு மாசமா தினமும் காலைல மெஷினைப் போட்டா ஒரு படம் புதுசா ஏறி இருக்கு. பேரு இல்லை, வயசு இல்லை. யாரோ ஒரு பொம்பளை, மெட்டல் வால்வு. மத்த ஷிப்ட்ல யாரோ எடுத்துட்டு விவரம் போடாம விட்டுடறாங்கன்னு நினைச்சேன். ஆனா ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு.”

எக்கோக்காரர் கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை மேஜையில் வைத்தார்.

“படம் எப்படி இருக்கு?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். அவ்வளவு சுத்தமா இருக்கு. கோணம் துளி சாயலை. இப்படி ஒரு கை இங்க யாருக்கு இருக்குன்னு பாத்தா, எடுத்தவர் பேர் போடற இடத்துல உங்க பேரு இருக்கு. உங்க பழைய பாஸ்வேர்டை யாரோ போட்டு உபயோகிக்கறாங்க போல.”

கடையில் யாரோ கண்ணாடி கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை.

“வால்வு அருமையா வேலை செய்யுது சார். பிரஷர்தான் பயமா இருக்கு. முதல் நாள் எழுபத்திரண்டு. மறுநாள் எழுபத்துமூணு. தினம் ஒண்ணொண்ணா ஏறிட்டே வருது. இன்னிக்குக் காலைல நூத்திரெண்டு.”

“சார், இருக்கீங்களா? இந்த அம்மாவுக்கு யாராவது மருந்து ஆரம்பிச்சாங்களா, இல்லையா?”